சுவரோடு முடிகிற காவல்

மண்ணூர்,
15.9.2004

மதிப்பிற்குரிய மச்சான் வனமாமலை அவர்களுக்கு, பெருமாள்சாமி பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கை செல்வலட்சுமியும் சுகம். உடம்பு நன்றாக இருப்பதால்தான் இவ்வளவு பயப்பட முடிகிறது. தூத்துக்குடியில் அக்கா, பிள்ளைகள் சுகத்துக்கு எழுதவும்.

விஷயம் நம்ம மணிகண்டபிரபுதான். நீங்கள் சேர்த்துவிட்ட கப்பலில் என் பிள்ளை மலாக்கா ஜலசந்தி வழியாகப் போய் வருகிறான். அங்கே கடற்கொள்ளைக்காரன் கயிறு வீசி ஏறி ஆளையே தூக்கிக்கொண்டு போகிறானாம். இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் இப்போது சேர்ந்து ரோந்து வருகின்றன, பயப்படாதீங்கப்பா என்று போனில் சொன்னான். அதுவரை எனக்குப் பாதி பயம்தான் இருந்தது. பேப்பரை வாங்கிப் பார்த்தால், ஒருத்தன் படகு அடுத்தவன் எல்லைக்குள் விரட்டிப் போகக் கூடாதாம், தகவல் மட்டும் சொல்லணுமாம். படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை மச்சான், ஏனென்றால் இந்த மாதிரி ஒப்பந்தத்தை நான் கண்ணால் பார்த்தவன்.

எங்கள் கம்பெனிக்கும் பக்கத்துக் கம்பெனிக்கும், தண்ணீர் லாரி யார் கேட்டில் நிற்பது என்று இரண்டு வருஷமாக ஆகாது. இரண்டிலும் செம்புக் கம்பி திருடு போகவே, கூட்டுக் காவல் என்று பஜ்ஜி சாப்பிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். போன வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒருத்தன் ஸ்டோரிலிருந்து கம்பிச் சுருளைத் தூக்கிக்கொண்டு ஓட, எங்கள் செக்யூரிட்டி கன்னியப்பன் விரட்ட, ஸ்டோர்கீப்பர் ஆயிற்றே என்று நானும் செருப்பு அறுந்துபோக ஓட, திருடன் காம்பவுண்டுச் சுவரில் ஏறியதும் கன்னியப்பன் பிரேக் போட்ட மாதிரி நின்றுவிட்டான். பிடிய்யா என்றால், "செவுரு வரைக்கும்தான் சார் என் டூட்டி. அப்பால புருஷோத்தமன் ஏரியா, நான் கை வெச்சா அக்ரிமென்ட் பூடும்" என்கிறான். அந்தப் பக்கம் நின்ற புருஷோத்தமனோ, ஆள் இன்னும் முழுசாக எங்கள் பக்கம் இறங்கவில்லை, உங்கள் மேனேஜர் எங்கள் மேனேஜருக்கு எழுதித் தரட்டும் என்கிறான். இவங்க பேசி முடிக்கிற வரைக்கும் அந்தத் திருட்டுப் பய சுவர் மேலேயே உக்காந்து மூச்சு வாங்கிக்கிட்டான். அப்புறம் சாவகாசமா சுவர் மேலேயே நடந்து, ரோட்டுப் பக்கம் குதிச்சுப் போயிட்டான்.

கடலில் சுவர்கூடக் கிடையாது மச்சான். எம்பிள்ளைய எவனாவது தூக்கிட்டுப் போனா, மூணு நாட்டுக்காரனும் அவனவன் தண்ணியில மரியாதையா நின்னு பாத்துக்கிட்டு இருப்பானுவ. கப்பல் தூத்துக்குடி தொட்டதும் அவனை இறக்கி பஸ் ஏற்றிவிடுங்கள். எங்கள் கம்பெனியில் தகடு வெட்டுகிற பிரஸ் லைனில் அவனுக்கு ஓர் இடம் கேட்டு வைத்திருக்கிறேன். மேனேஜர் ரகுபதி சாரும் பார்க்கலாம் என்றிருக்கிறார். கண்ணெதிரே இருப்பான், ஓர் ஆபத்தும் கிடையாது.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. செந்தூர் முருகன் நம் எல்லோரையும் தரையிலேயே வைத்துக் காக்கட்டும்.

தங்கள் அன்புள்ள
பெருமாள்சாமி

பி.கு.: மச்சான், கம்பெனியில் உட்கார்ந்து இந்தக் கவரை ஒட்டுவதற்குள் பிரஸ் லைனில் அலறல் கேட்டு ஓடினேன். மாரி என்கிற ஆபரேட்டருக்கு வலது கையில் நாலு விரல் போய்விட்டது. உற்பத்தி தாமதமாகிறது என்று மிஷினுக்குள் கை போகாமல் காக்கிற தடுப்பைக் கழற்றி வைத்திருந்தார்களாம். ரத்தத்தைக் கழுவி, மறுபடி ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். ரகுபதி சார் என் தோளில் கைவைத்து, இடம் காலியாகிவிட்டது, உங்கள் பையன் திங்கட்கிழமை வருவானா என்று கேட்டார். பிரபு கப்பலிலேயே இருக்கட்டும். அவனே இறங்குகிறேன் என்றாலும் விடாதீர்கள்.