கறுப்புக் கண்ணாடிக்குள் மாமனார்

யாரும் தேடாத மனிதனுக்குத்தான் தன்னை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்ற கவலை அதிகம் வரும். எனக்கு அது இருபத்தொன்பதாவது வயதில் வந்தது. அப்போது தரமணியில் ஒரு கம்பெனியில் மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். (என்ன சோதித்தாய் என்று கேட்காதீர்கள், கம்பெனியிலேயே யாரும் கேட்டதில்லை.) மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்குப் பால் போடுபவருக்குக்கூட என் பெயர் தெரியாது. அப்பேர்ப்பட்டவன் ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கினேன். வாங்கிய வாரமே எல்லாப் பக்கக் கண்ணாடிகளிலும் கன்னங்கரேலென்று ஃபிலிம் ஒட்டினேன்.

கேட்டவர்களிடம் வெயிலுக்காக என்றேன். சென்னையில் வெயில் என்று சொல்லிவிட்டால் எதிர்க்கேள்வி வராது. உண்மைக் காரணம் வேறு. கறுப்புக் கண்ணாடி போட்ட வெள்ளைக் கார் வந்தால் ஜனங்கள் கொஞ்சம் ஒதுங்குகிறார்கள். உள்ளே யார் என்று தெரியாததால் வருகிற மரியாதை அது. உள்ளே இருப்பது நான்தான் என்று தெரிந்தால் சைக்கிள்காரர்கூட ஒதுங்க மாட்டார்.

ஃபிலிம் ஒட்டிய கடைக்காரரிடம், "இது சட்டப்படி சரிதானே?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டு வைத்தேன்.

"இன்னா சார் நீ. கலெக்டர் மாதிரி கீற. உன் வண்டிய எவன் நிறுத்துவான்?"

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. ஆனால் கலெக்டர் என்ற சொல் காதில் விழுந்த பிறகு எனக்குச் சட்டம் தேவைப்படவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ரேவதியை எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். அவள் அப்பா சங்கரலிங்கம், விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து தி. நகரில் பாத்திரக்கடை வைத்து நிமிர்ந்தவர். அதிகம் பேச மாட்டார். ஒரு குடத்தைச் சுண்டிப் பார்த்தே அதன் தரத்தைச் சொல்பவர் என்பார்கள். என்னையும் அப்படித்தான் பார்த்தார். இன்னும் சுண்டவில்லை, அவ்வளவுதான்.

கல்யாண ஜவுளி எடுக்கும் நாளன்று என் காரில்தான் போக வேண்டும் என்று அடம்பிடித்து எல்லோரையும் தி. நகருக்கு அழைத்துப்போனேன். எனக்கு முகூர்த்தப் பட்டு வேட்டி எடுத்தாயிற்று. ரேவதியும் அவள் அம்மாவும் புடவைக் குவியலுக்குள் மூழ்கியதும், மாமனார் என்னிடம், "மாப்ள, இவங்க இப்போதைக்கு எந்திரிக்க மாட்டாங்க. நாம திருவான்மியூர் போயி மண்டபத்தப் பேசி முடிச்சிருவோம்" என்றார். வேட்டிப் பையையும் கையில் எடுத்துக்கொண்டார்.

முன்சீட்டில் உட்காருவார் என்று கதவைத் திறந்து நின்றேன். அவர் பின்சீட்டில் போய் நடுநாயகமாக அமர்ந்தார். கறுப்புக் கண்ணாடி அவருக்கும் பிடித்திருந்தது. சைதாப்பேட்டையைத் தாண்டும்போது, "நாம எல்லாரையும் பாக்கலாம், நம்மள ஒருத்தனும் பாக்க முடியாது. நல்ல ஏற்பாடு" என்றார். நிச்சயத்துக்குப் பிறகு அவர் என்னைப் பாராட்டிய முதல் தடவை அது. நான் கழுத்தை நீட்டிக்கொண்டு ஓட்டினேன்.

பாராட்டிய மனிதருக்கு உபசாரம் செய்ய வேண்டாமா? அடையாறில் நிறுத்தி, ஒரு பேப்பர் கப் நிறையக் காபி வாங்கிக் கொடுத்தேன். "இறங்கிக் குடிச்சிட்டுப் போவோம்" என்றார். "வண்டியிலேயே குடிங்க மாமா, குலுங்கவே குலுங்காது" என்றேன். அடுத்த திருப்பத்தில் ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே வந்தது. நான் பிரேக்கை மிதித்தேன். கார் குலுங்கவில்லை. காபி மட்டும் முழுதாக அவர் மடியில் இறங்கியது.

அவர் வேட்டியை உதறிப் பார்த்தார். பிறகு, "மண்டபத்துக்காரன் முன்னாடி இப்படிப் போயி நிக்க முடியாதுல்லா" என்றார். "இந்தப் பட்டு வேட்டியக் கட்டிக்கிடுதேன். வெளிய தெரியாதுல்ல?"

"சான்ஸே இல்ல மாமா."

அவர் ஈரவேட்டியை உருவினார். நானும் மருமகனாகும் மரியாதையில் பின்னால் பார்க்கும் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டேன். சரியாக அந்த நேரத்தில் சாலையோரம் நின்றிருந்த போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டினார்.

இங்கே என் அறிவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "தப்புதான் சார், எடுத்துடறேன்" என்று சொல்லியிருந்தால் அபராதத்தோடு முடிந்திருக்கும். நான் கண்ணாடியை நான்கு விரல் அளவுக்கு மட்டும் இறக்கி, கலெக்டரின் டிரைவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தேன்.

"இன்னாபா இது, இவ்ளோ கறுப்பு ஒட்டிக்கினு போற? உள்ள யாரு?"

"ஐயா இருக்கார்" என்றேன்.

"எந்த ஐயா?"

ஆள்காட்டி விரலை மட்டும் மேலே காட்டினேன். அது மேலிடம் என்றும் பொருள்படும், கடவுள் என்றும் பொருள்படும். காவலர் முதலாவதை எடுத்துக்கொண்டார். இரண்டடி பின்னால் போய், பின்சீட்டுக் கண்ணாடியைப் பார்த்து விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

உள்ளேயிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும் அல்லவா? காக்கிச் சட்டை ஒன்று தன் பட்டாபட்டி டிராயருக்கு சல்யூட் அடிப்பதை மாமனார் பார்த்தார். "மாப்ள, இவரு எதுக்கு..." என்று ஆரம்பித்தார். "பேசாம இருங்க மாமா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

அத்தோடு நாங்கள் கிளம்பிப் போயிருக்கலாம். ஆனால் அந்தக் காவலர் கடமை தவறாதவர். ஐயா வந்திருக்கும் செய்தியை மரத்தடியில் நின்ற சப் இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் ஓடிப் போய்ச் சொன்னார். அந்த அம்மா அவசரமில்லாமல் நடந்து வந்தார். நம்பர் பிளேட்டைப் பார்த்தார். ஒடுக்கு விழுந்த பம்பரைப் பார்த்தார். பின் கதவருகே நின்று, மரியாதையாகவே, "ஐயா, வணக்கம்" என்றார்.

உள்ளே மாமனார் பதறிக்கொண்டு பட்டு வேட்டியைப் பிரிக்க முயன்றிருக்கிறார். அந்தப் பதற்றத்தில் அவர் முழங்கை கதவிலிருந்த பொத்தானில் அழுந்திவிட்டது. பழைய கார், கண்ணாடி வேகமாக இறங்காது. நாடகத் திரைபோல அங்குலம் அங்குலமாக இறங்கியது. முதலில் திருநீறு தெரிந்தது. பிறகு மீசை, சட்டை, கடைசியாகப் பட்டாபட்டி.

சப் இன்ஸ்பெக்டர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பார்வையை மட்டும் கார்க் கூரைக்கு மாற்றிக்கொண்டார்.

"ஐயா எந்தத் துறை?"

மாமனாருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "பாத்திரக்கடைம்மா" என்றார்.

சப் இன்ஸ்பெக்டர் என்னை இறங்கச் சொன்னார். "நீங்க யாரு, டிரைவரா?"

"மாப்பிள்ளை மேடம். இன்னும் ஆகல. ஆகப்போறேன்."

"ஆவீங்களா?" என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "பொண்ணோட அப்பாவ ஐயான்னு சொல்லி போலீஸ ஏமாத்துவீங்களா?"

"மரியாதைக்குச் சொன்னேன் மேடம்."

"முன்னாடி பின்னாடி எழுபது சதவீதம் வெளிச்சம் உள்ள போகணும். சைடுல அம்பது. அதுவும் கண்ணாடியே அப்படி வந்திருக்கணும். நீங்களா வாங்கி ஒட்டக் கூடாது. படிச்சவங்கதானே? கிழிங்க."

"வீட்டுக்குப் போய்..."

"இங்க."

ஃபிலிம் ஒட்டுவது சுலபம். உரிப்பதற்கு நகம் வேண்டும், பொறுமை வேண்டும், அதைவிட முக்கியமாக வேடிக்கை பார்க்கக் கூட்டம் இருக்கக் கூடாது. எனக்கு முதல் இரண்டும் இல்லை. கூட்டம் ஏராளமாக இருந்தது. சிக்னலில் நின்ற பேருந்தின் ஜன்னல்களிலெல்லாம் தலைகள். "மூலைலேர்ந்து இழு நைனா" என்றார் ஒருவர். "சுடுதண்ணி ஊத்தணும்" என்றார் இளநீர்க்காரர். உரிந்தது கீற்றுக் கீற்றாகத்தான் உரிந்தது. ஒவ்வொரு கீற்றுக்கும் காருக்குள் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் போனது. அந்த வெளிச்சத்தில் மாமனார் இன்னும் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தார்.

புதுப் பட்டு உட்கார்ந்த வாக்கில் இடுப்பில் நிற்காது. அவர் சுற்றுவதும் அது வழுக்குவதுமாக இருந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, மேல் இடுக்கு வழியாகக் கெஞ்சுகிற குரலில், "மாப்ள, இந்தப் பக்கத்தக் கடைசியா உரிங்க" என்றார். நான் அந்தப் பக்கம் உரித்தால் அவர் இந்தப் பக்கம் நகர்ந்தார். கடைசியில் கறுப்பு மிஞ்சியது ஒரே ஒரு கண்ணாடியில். பெரிய கடையின் முதலாளி அதன் பின்னால் ஒடுங்கிக் குந்தியிருந்தார். அபராத ரசீதைக் கொடுக்க வந்த சப் இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துவிட்டு, "அவர் கட்டி முடிக்கட்டும். அப்புறம் அதை எடுங்க" என்றார். அன்றைய தினத்தில் என் மாமனாரிடம் கருணை காட்டியவர் அவர் ஒருவர்தான்.

மண்டபத்துக்குப் போகவில்லை. "வண்டியத் திருப்புங்க" என்றார் மாமனார், திருப்பினேன். கண்ணாடிகளில் பசையும் கறுப்புப் பட்டைகளும் தொங்க, நடுவில் ஜரிகை வேட்டியில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, தி. நகர் வரை ஊரே பார்த்தது. ஜவுளிக்கடை வாசலில் ரேவதி கேட்டாள்: "என்னப்பா, அவரோட முகூர்த்த வேட்டிய நீங்க கட்டியிருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. வீட்டுக்கு ஆட்டோ பிடி" என்றார்.

அந்த வாரம் முழுக்க அவர்கள் வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. என் அம்மா சாப்பாட்டைக் குறைத்தாள். அப்பா என்னைப் பார்க்கும்போதெல்லாம் செய்தித்தாளை உயர்த்திக்கொண்டார். ரேவதி போனை எடுக்கவில்லை. கல்யாணம் நின்றது என்றே நான் முடிவு கட்டிவிட்டேன். ராத்திரிச் சோறு இறங்கவில்லை. இது வேடிக்கைக்குச் சொல்வதல்ல. அப்படியிருக்கும்போது ஒரு காலையில் மாமனாரே அப்பாவைக் கூப்பிட்டு, மண்டபம் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார். அவருடைய பெருந்தன்மையை நினைத்துக் கண்கலங்கினேன்.

கல்யாணத்துக்குப் பிறகு ரேவதிதான் விளக்கினாள். "அப்பா வேண்டாம்னுதான் இருந்தாரு. அம்மாதான், 'அந்தப் பையன வெளிய விட்டா ஊர் பூராச் சொல்லுவான். மருமகனாக்கிட்டா வாயத் திறக்க மாட்டான்'னாங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. மாமனார்தான் திறந்தார். சில வருடங்கள் போனதும் ஒரு தீபாவளிச் சாப்பாட்டில் அவரே இந்தக் கதையை எல்லோருக்கும் சொன்னார். ரசித்து, நடித்துச் சொன்னார். அவர் கதையில் காபி என் மடியில் கொட்டியது. போலீஸ் அம்மாவிடம் பேசி என்னைக் காப்பாற்றியது அவர். டிராயரோடு உட்கார்ந்திருந்தது நான். மறுக்கலாம் என்று வாயெடுத்தேன். மாமியார் என் இலையில் இன்னொரு வடையை வைத்தார். சாப்பிட்டேன்.

போன மாதம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். ஒன்றாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகளின் ஆசிரியை, மதிப்பெண்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் என்னை நிதானமாக ஒருமுறை பார்த்தார். "உங்களைப் பத்தித் தாத்தா சொன்ன கதைய வகுப்புல சொல்லியிருக்கா சார்" என்றார். பிறகு, "உட்காருங்க, பரவாயில்ல" என்றார்.