ஆறு ஐம்பத்தொன்றுக்குத் தொட்டி எங்கே?

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு, வீட்டுச் செருப்போடு வாசலில் நின்று, நான் நகர கவுன்சில் மீது போர் தொடுத்தேன்.

எங்கள் தெருவில் இருபத்தாறு வீடு. இருபத்தைந்து வீட்டு நீல மறுசுழற்சிக் குப்பைத் தொட்டிகள் காலி. எங்கள் வீட்டுத் தொட்டி மட்டும் பால் டப்பாவும் பழைய செய்தித்தாளுமாக, மூடி பிதுங்க, கிறிஸ்துமஸ் விருந்து முடித்த மாமனார் மாதிரி அசையாமல் நின்றது.

"மோரீன்! நம்ம தொட்டியை எடுக்கலை!"

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "அடப்பாவமே. அப்ப நீ கவுன்சிலுக்குப் போகணுமே, ரோலண்ட். இன்னைக்கே போயிடு. சாண்ட்விச் கட்டித் தரேன். அவசரமே இல்ல, சாயங்காலம் வந்தாப் போதும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை பேருக்கு இப்படி ஒரு மனைவி அமைவாள் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். தொனிதான் வேறு.

நான் முப்பத்தெட்டு வருடம் ரயிலில் கார்டாக இருந்தவன். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. நேரம் தவறுவதை என்னால் தாங்க முடியாது. ரயில் இல்லாத குறைக்கு வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தேன். மோரீன் முட்டை வேகவைத்தால் பக்கத்தில் கடிகாரத்தோடு நிற்பேன். அலமாரி டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கி வைத்தேன். அவள் துணி காயப்போட்டால் கிளிப்புகளின் இடைவெளியைச் சரிபார்ப்பேன். இதற்கெல்லாம் உதவி என்று பெயர் வைத்திருந்தேன்.

மார்ச் மாதம் குப்பை லாரி ரிப்பேராகி எங்கள் தெரு முழுவதும் தொட்டி எடுக்காமல் கிடந்தது. மற்றவர்கள் மறுநாள் வந்த லாரியைப் பார்த்து மறந்துவிட்டார்கள். நான் மட்டும் பதினோரு நாள் கவுன்சில், நூலகம், தபால் நிலையம் என்று அலைந்து விளக்கக் கடிதம் வாங்கினேன். அதோடு தீர்ந்தது என்றுதான் இருந்தேன். இப்போது எங்கள் வீட்டை மட்டும் விட்டிருக்கிறார்கள்! இது ரிப்பேர் இல்லை. இது பகை.

உடனே போன் செய்தேன்.

"உங்க தொட்டி வெளியில இல்லைன்னு வண்டியில பதிவு பண்ணியிருக்காங்க, சார்," என்றது ஒரு பெண் குரல்.

"வெளியில இல்லையா? என் கண்ணு முன்னாடி நிக்குதும்மா!"

"இப்ப நிக்கலாம் சார். ஆறு ஐம்பத்தொண்ணுக்கு நிக்கலையே."

"ஆறரைக்கு வெச்சேன். ஏழுக்கு இருக்கு. நடுவுல அது வாக்கிங்கா போயிட்டு வந்துச்சு? அதுக்கு இருக்கிறது சக்கரம், கால் இல்ல!"

"தொட்டி வெளியில இல்லைன்னு பதிவாயிட்டா திரும்ப வண்டி அனுப்ப விதி இல்ல சார். ரெண்டு வாரம் கழிச்சு வருவாங்க."

ரெண்டு வாரம்! மறுசுழற்சி என்றார்கள். சுழன்றது என் தலைதான்.

அடுத்த முறைக்கு ஏற்பாடுகள் பலமாக இருந்தன. சரியாக ஆறரைக்குத் தொட்டியை வாசலில் நிறுத்தினேன். பக்கத்தில் அன்றைய செய்தித்தாளைப் பிடித்து நாலு கோணத்தில் படம் எடுத்தேன். சாட்சிக்கு எதிர்வீட்டு நெவில். அவன் விடிந்ததிலிருந்து ஜன்னலோரம் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்து குருவி பார்ப்பவன். குருவியை விட எங்கள் தெருவைத்தான் அதிகம் பார்ப்பான்.

பிறகு வாசல் ஜன்னலில் காவலுக்கு உட்கார்ந்தேன். ஆறு நாற்பத்தைந்து. தெருக்கோடியில் லாரிச் சத்தம். அப்போது பார்த்து மாடியிலிருந்து ஓர் அலறல்.

"ரோலண்ட்! குளியலறைக் குழாய் பிச்சுக்கிட்டுப் போகுது! ஓடி வா!"

மாடிக்கு ஓடினேன். "நீ இதைப் பிடி, நான் கீழ போய் வால்வை மூடறேன்," என்று என் கையில் குழாயைக் கொடுத்துவிட்டு மோரீன் இறங்கிப் போனாள். நான் பிடித்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் பிடித்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. என் பிடி அப்படி என்று நினைத்தேன்.

கீழே வந்தால் லாரி போய்விட்டிருந்தது. இருபத்தைந்து தொட்டி காலி. எங்களுடையது நிறைமாத கர்ப்பிணி.

செருப்போடு லாரிக்குப் பின்னால் ஓடினேன். பின்படியில் தொற்றிக்கொண்டு நின்ற ஆள் திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். என்னைப் பார்த்து! சட்டைப் பட்டையில் பெயர் இருந்தது: லென்னி.

நெவில் வீட்டுக்குப் போய்க் காகிதத்தை நீட்டினேன்.

"ஆறரைக்குத் தொட்டி வெளியில இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"கையெழுத்துப் போடு."

போட்டான். பேனாவை மூடாமல் தயங்கினான். "ரோலண்ட், இன்னொரு விஷயம் என்னன்னா..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு நெவில். இது சட்ட விவகாரம்."

"மனு எழுதி எழுதி நீ மனுஷனாவே இல்ல," என்று சொல்லிவிட்டுக் குருவி பார்க்கப் போய்விட்டான்.

அன்று ஆறு பக்கம் எழுதினேன். அதில் ஒரு வரியை மட்டும் இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. 'லென்னி என்ற ஊழியர் வேண்டுமென்றே, பகை மனதோடு எங்கள் தொட்டியைத் தவிர்த்துவிட்டுப் பொய்ப் பதிவு செய்கிறார்.' அந்த மனிதரோடு நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. 'வேண்டுமென்றே'வுக்கு அடியில் ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டேன்.

பத்து நாளில் பதில் வந்தது. மோரீன் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் உரக்கப் படித்துக் காட்டினேன்.

"விசாரணை முடியும் வரைக்கும் அந்த லென்னியை லாரியிலேருந்து இறக்கிட்டாங்களாம். எப்படி?"

அவள் கை நின்றது. "பேரையா போட்டே?"

"பேர் போடாத புகார் பேருக்குத்தான் புகார்."

"ஐயோ ரோலண்ட். ஏன் பேரைப் போட்டே? நீ பாட்டுக்குக் கவுன்சிலோட சண்டை போட வேண்டியதுதானே? கவுன்சிலுக்கு வலிக்காது."

கருகிய வாசனை வந்தது. என் வெள்ளைச் சட்டையின் முதுகில் இஸ்திரிப் பெட்டி முழு உருவில் படிந்திருந்தது. அவள் அதைப் பார்த்ததாகவே தெரியவில்லை.

"விசாரணைக்கு நானும் வரேன்," என்றாள்.

எனக்குத் துணையாக வருகிறாள் என்று நெவிலிடம் பெருமையடித்துக்கொண்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

விசாரணை கவுன்சில் கட்டடத்தின் இரண்டாவது மாடியில். மேசைக்கு அந்தப் பக்கம் மிஸ் ப்ரூக்ஸ் என்ற அதிகாரி. சுவரோரம் லென்னி. டை கட்டியிருந்தார். அந்த டை அவர் கழுத்துக்குப் பழக்கமில்லாதது என்பது அவர் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் தெரிந்தது. அறுபது வயது இருக்கும். நான் எழுதிய ஆறு பக்கத்தில் இருந்த ஆள் இவர் இல்லை என்று எனக்குள் ஏதோ லேசாக இடித்தது. அதை ஒதுக்கிவிட்டு நான் பேசினேன். படங்களைப் பரப்பினேன். நெவிலின் சாட்சியத்தை வாசித்தேன்.

மிஸ் ப்ரூக்ஸ் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கணினித் திரையைத் திருப்பினார். "லாரியில கேமரா இருக்கு, மிஸ்டர் ஹட்சன். ஆறு ஐம்பத்தொண்ணு. இது உங்க வாசல்தானே?"

எங்கள் வாசல்தான். தொட்டி இல்லை.

"அப்ப யாரோ திருடியிருக்காங்க!" என்று எழுந்தேன். "அதோ! பக்கவாட்டுக் கதவு பாதி திறந்திருக்கு. இடுக்குல யாரோ நிக்கிறாங்க. பெரிசு பண்ணுங்க!"

பக்கத்திலிருந்து மோரீன் என் கையைத் தொட்டாள். "ரோலண்ட், வேண்டாம். உட்காரு. நானே..."

"நீ சும்மா இரு மோரீன், இன்னைக்குப் பிடிச்சுட்டோம். இன்னும் பெரிசு பண்ணுங்க மேடம்!"

மிஸ் ப்ரூக்ஸ் பெரிசு பண்ணினார்.

ஒரு கை தெரிந்தது. கையில் எங்கள் நீலத் தொட்டியின் பிடி. கைக்கு மேலே மஞ்சள் பூப்போட்ட வீட்டு அங்கி. போன பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்த அங்கி.

ஆதாரம், ஆதாரம் என்று ஆறு வாரம் அலைந்தேன். அந்தச் சொல்லுக்குள்ளேயே தாரம் உட்கார்ந்திருப்பது எனக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது.

"ஆமா, நான்தான்," என்றாள் மோரீன். எழுந்து நின்றுவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை, லென்னியைப் பார்த்தாள். "ரெண்டு தடவையும் நான்தான் உள்ள இழுத்தேன். லாரி போனதும் திரும்பத் தள்ளிட்டேன். உங்க மேல தப்பு எதுவும் இல்ல. உங்க பேரு இதுல வரும்னு நான் நினைக்கவேயில்ல. மன்னிச்சிடுங்க."

"ஏன்?" என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மார்ச்ல லாரி வரலைன்னு நீ பதினோரு நாள் வெளிய போனே. அந்தப் பதினோரு நாள், ரெண்டு வருஷத்துல முதல் தடவையா, என் முட்டையை நான் எனக்குப் பிடிச்ச பதத்துல வேகவெச்சுச் சாப்பிட்டேன், ரோலண்ட்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். லென்னி மட்டும் தொண்டையைச் செருமினார். "நான் அக்டோபர்ல ரிட்டயராகறேன் மேடம்," என்றார். "எங்க வீட்டுக்காரி இப்பவே பயந்துபோய்த்தான் இருக்கா."

புகாரை அங்கேயே வாபஸ் வாங்கினேன். வெளியே வந்தால், சாட்சிக்குக் கூப்பிடலாம் என்று வந்திருந்த நெவில் படியில் நின்றுகொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியுமா?"

"ரெண்டு தடவையும் பார்த்தேன்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"நீ கேக்கவேயில்லையே. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னே."

நானும் மோரீனும் வீட்டுக்கு நடந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. எங்களிடம் ஒரே குடை. அதனால் கோபமாக இருந்தாலும் ஒட்டித்தான் நடக்க வேண்டியிருந்தது. பாலத்தைத் தாண்டிய பிறகு கேட்டேன்.

"நான் அவ்வளவு தொந்தரவா, மோரீன்?"

"தொந்தரவுன்னு நான் சொல்லலையே. நீ ரொம்ப நேரம் இருக்கே. அவ்வளவுதான்."

"என் வீட்டுல நான் இருக்கக் கூடாதா?"

"இரு கண்ணு. ஆனா முப்பத்தெட்டு வருஷம் நீ தினம் போயிட்டுத் தினம் வந்தே. கதவு திறக்கிற சத்தம் கேட்டா எனக்குச் சந்தோஷமா இருக்கும். இப்ப நீ போறதே இல்ல. போகாத ஆளு எப்படித் திரும்பி வருவாரு, சொல்லு?"

குடையை அவள் பக்கம் கொஞ்சம் சாய்த்தேன். பதிலுக்குப் பதிலாக.

மறுநாள் முட்டை வேகும்போது நான் அடுப்படிக்குப் போகவில்லை. கூடத்தில் உட்கார்ந்து நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏழு நிமிடம் ஆகியும் அவள் எடுக்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு ஒன்பது நிமிட முட்டை பிடிக்கும் என்பது கல்யாணமாகி நாற்பத்தொரு வருடம் கழித்து எனக்குத் தெரிந்தது.

அப்புறம் லென்னி. அவரை மறுபடி லாரியில் ஏற்றிவிட்டார்கள் என்று கடிதம் வந்தது. கடிதத்தோடு விட மனம் கேட்கவில்லை. மோரீன் செய்த இஞ்சி கேக்கை எடுத்துக்கொண்டு லாரி நிறுத்தும் இடத்துக்குப் போனேன். சக்கரத்தில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார். எப்படி மன்னிப்புக் கேட்பது என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது.

"நான் எழுதினது தப்பு," என்றேன். "முழுக்க."

"பரவாயில்ல சார்." குழாயை மூடினார். "இருபத்திரண்டு வருஷத்துல என் மேல வந்த ஒரே புகார். வாபஸ் வாங்கினாலும் கோப்புல இருக்குமாம். அதுதான் கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கு."

கேக் டப்பா என் கையில் கனத்தது.

"அன்னைக்கு என்னைப் பார்த்துக் கண்ணடிச்சீங்களே?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. எனக்குக் கொஞ்சமாவது நியாயம் மிச்சம் இருக்க வேண்டும் போல இருந்தது.

"கண்ணுல தூசி சார். குப்பை வண்டியில பின்ன பூவா விழும்?"

கேக்கை வாங்கிக்கொண்டார். அங்கேயே ஒரு துண்டு பிய்த்து எனக்கும் கொடுத்தார். நின்றபடியே சாப்பிட்டோம்.

அந்த வாரம் முழுவதும் யோசித்தேன். கவுன்சில் அறிவிப்புப் பலகையில் பார்த்தது நினைவுக்கு வந்தது. தெருத் தொண்டர் வேலை. சம்பளம் கிடையாது. யாராவது 'என் தொட்டியை எடுக்கலை' என்று சொன்னால், ஊழியர் மேல் பழி போடும் முன்பு நேரில் போய் விசாரித்து, இரண்டு பக்கமும் கேட்டு, சமாதானம் செய்து வைக்க வேண்டும். என்னைப் போல ஒரு மடையன் இன்னொரு லென்னியின் கோப்பில் கோடு போடாமல் தடுக்கலாம். தினமும் போகலாம். தினமும் திரும்பி வரலாம்.

மோரீனிடம் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக நானே யோசித்து, நானே முடிவெடுத்து, அவளை அசத்தப்போகிறேன். திங்கட்கிழமை "சும்மா நடந்துட்டு வரேன்" என்று கிளம்பினேன். "மெதுவா வா," என்றாள்.

மிஸ் ப்ரூக்ஸிடம் விண்ணப்பம் கேட்டேன்.

"புதுசா வேண்டாம் மிஸ்டர் ஹட்சன்," என்று இழுப்பறையைத் திறந்தார். "உங்களோடது ரெண்டு வருஷமா வரிசையில இருக்கு. இப்பதான் ஒரு இடம் காலியாச்சு. சனிக்கிழமை உங்க வீட்டுக்குப் போன் பண்ணிச் சொன்னேனே, உங்க மனைவி சொல்லலையா? 'தானே வருவாரு, ரெண்டு நாள் பொறுங்க'ன்னாங்க."

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். மோரீனின் குண்டு குண்டுக் கையெழுத்து. 'எந்தெந்த நாள் வர முடியும்?' எல்லா நாளும். 'எவ்வளவு நேரம்?' உங்கள் வசதிப்படி, நீண்டாலும் பரவாயில்லை. கீழே ஒப்பம், சாட்சாத் என்னுடையது. ஓய்வூதியக் காகிதங்களோடு காகிதமாக அவள் நீட்டியிருக்க வேண்டும், நானும் படிக்காமல் போட்டிருக்க வேண்டும்.

தேதி பார்த்தேன். நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வாரம் முன்பு.