பூச்சியம் காட்டிய சல்லடை

இருநூற்று அறுபத்து நான்கு மணி நேரம். இரசாயன வரலாற்றை இனி இந்த 264 மணி நேரத்துக்கு முன், பின் என்றுதான் பிரிக்க வேண்டும் என்று கலாநிதி ஸ்ரீதரன் தம் அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதியிருந்தார். அதை மறுக்க நாம் யார்?

வரலாறு நிகழ்ந்த இடம், கேகாலையிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போனால் வரும் ஒரு றப்பர் தோட்டம். அங்கே றப்பர் பாலைப் பதப்படுத்தும், 'ஸ்டோர்' எனப்படும் தொழிற்சாலையின் கழிவுநீர், அமோனியா நெடியோடு வாய்க்கால் வழியே தொழிலாளர் வசிக்கும் லயத்து ஓடையில் கலந்துவந்தது. அதனால் முப்பத்திரண்டு குடும்பங்களுக்கு ஒரு பவுசர் வண்டி குடிநீர் கொண்டுவந்து ஊற்றியது. இந்தப் பிற்போக்கான ஏற்பாட்டை ஒழிக்கவே கொழும்பிலிருந்து கலாநிதியின் 'நானோ சல்லடை' வந்து இறங்கியது.

அது வாய்க்காலின் வழியில் வைக்கப்பட்ட ஒரு நீலப் பீப்பாய். உள்ளே வெள்ளைத் தூள். தூளின் ஒவ்வொரு மணியிலும் கோடிக்கணக்கான துளைகள். துளையின் சுவர் அமோனியாவைப் பிடித்துக்கொள்ளும். அங்கேயே இருக்கும் வினையூக்கி அதை உடைத்துப்போடும். வடிவமைக்க ஆறு வருடங்கள் ஆயினவாம்.

"ஒரு தேக்கரண்டித் தூளோட துளையெல்லாம் விரிச்சா, உங்க விளையாட்டு மைதானம் அளவு வரும்" என்றார் கலாநிதி.

"அம்புட்டு எடமா!" என்று வாயில் கை வைத்தார் றப்பர் மரத்தில் பால் வெட்டும் ஜெயம்மா. "அதுல எங்களுக்கு ஆளுக்குப் பத்து பேர்ச் காணி பிரிச்சுக் குடுங்களேன் சேர். வீடு கட்டிக்கிறோம்."

கலாநிதி இதை 'சமூகத்தின் ஆர்வம்' என்ற தலைப்பில் குறித்துக்கொண்டார்.

திட்டத்தின் 'கள உதவியாளர்' கலைச்செல்வி. அதே லயத்தில் பிறந்த விஞ்ஞானப் பட்டதாரி. கூட்டங்களில் வாய் திறக்கமாட்டாள் என்பது அவளுடைய மேலதிகத் தகைமை. தினம் மூன்று வேளை குடையோடு போய், பீப்பாயிலிருந்து வெளியேறும் நீரைச் சோதித்து எழுதினாள். அமோனியா: பூச்சியம். மறுநாளும் பூச்சியம்.

முதல் நாளே அவள் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். "உள்ள போற தண்ணியையும் டெஸ்ட் பண்ணவா சேர்?"

"படிவத்தில அதுக்கு நிரல் இருக்கா?"

"இல்ல சேர்."

"இல்லாத நிரல நிரப்ப ஏலாது, பிள்ளை."

அதன்பிறகு அவள் ஒன்றைச் சொல்ல வாயெடுப்பதும் விழுங்குவதுமாக இருந்தாள். விழுங்கியது எதுவும் வெளியே வரவில்லை. அந்த வகையில் அவளும் ஓர் உயர்தர நுண்துளைப் பொருளே.

விஞ்ஞானத்தின் ஈர்ப்பையும் சொல்ல வேண்டும். விடிந்தால் பால் வெட்ட மலையேறிவிடும் ஜெயம்மா, அந்தப் பதினோரு நாளும் பீப்பாயருகே வந்து, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னா புள்ள, இன்னைக்கும் பூச்சியமா?"

"ஆமா சின்னம்மா."

"வெளங்கிரும். சொல்ல வேண்டியத சொல்லாம எழுதிக்கிட்டே இரு."

ஸ்டோரும் ஆராய்ச்சிக்கு இடைஞ்சல் செய்யாமல் சத்தமின்றி இருந்தது. இத்தகைய ஒத்துழைப்பு வேறெங்கே கிடைக்கும்?

பன்னிரண்டாம் நாள் காலை, தோட்டத்து ஆபீசில் நிறைவுக் கூட்டம். கலாநிதி, கலைச்செல்வி, 'தொரை' எனப்படும் தோட்ட முகாமையாளர், 'பயனாளிகளின் பிரதிநிதி'யாக ஜெயம்மா. கலாநிதி முடிவுகளை வாசித்தார். மூன்றாவது முடிவு: பவுசர் இனித் தேவையில்லை, மக்கள் நாளை முதல் ஓடை நீரையே அருந்தலாம்.

"கலைச்செல்வி, ஒப்பம் வையுங்க. உங்க கையெழுத்து விழுந்தா அடுத்து பத்துத் தோட்டம்."

அவள் பேனாவைத் திறந்தாள்.

"அம்மா, நீங்க நன்றி சொல்லுங்க."

ஜெயம்மா எழுந்தார். "ரொம்ப நன்றிங்க சேர். இன்னைக்கி வெயிலு வந்துருச்சு. நாளைக்கி நான் வேலைக்குப் போயிருவேன். உங்க பீப்பாயப் பாக்க நேரம் இருக்காது." பிறகு கலைச்செல்வியைப் பார்த்தார்.

கலைச்செல்வி பேனாவை மூடினாள்.

"சேர், பதினோரு நாளும் மழை."

"தெரியும். மழையிலும் உழைச்சீங்க எண்டு அறிக்கையில போட்டிருக்கன்."

"பட்டை நனைஞ்சா மரத்துல பால் வெட்ட மாட்டாங்க சேர்."

தொரை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அதனால?" என்றார் கலாநிதி.

அவள் மூடிய பேனாவை மேசையில் வைத்தாள். "பால் வராம ஸ்டோர் பதினோரு நாளா பூட்டித்தான் கெடந்துச்சு. பீப்பாய்க்குள்ள போனது கூரையில விழுந்த மழைத்தண்ணி. கழிவுத் தண்ணிய சல்லடை இன்னும் ஒரு சொட்டுக்கூடப் பாக்கல சேர். நீங்களும் பாக்கல."