மாப்பிள்ளைக்குச் சொன்ன ஆட்டம்

தங்கையின் கல்யாணம் ஒரு டிராகனால் நின்றுபோகும் என்று லிஃப்ட் மெக்கானிக் கனவிலும் நினைத்ததில்லை. அதுவும் அவரே பார்த்துப் பொறுக்கி, சிபாரிசு செய்து அனுப்பிவைத்த டிராகன்.

“அண்ணா, அவர் என்கிட்ட பேசறதே இல்ல,” என்றாள் தங்கை, வாய் நிறையப் பற்பசை நுரையோடு. “கடையை மூடினதும் பேசறேன்னுதானே சொல்லியிருந்தார்? முன்னெல்லாம் பேசினார். இப்போ நானே கூப்பிட்டாலும் எடுக்கறதில்ல. அப்புறமா, ‘தூக்கம் வருது’ன்னு ஒரு மெசேஜ். கொட்டாவி விடற மனுஷனைக் கட்டிக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?”

மெக்கானிக் காபியை விழுங்கினார். காரணம் அவருக்குத் தெரியும். தெரிந்ததை விழுங்குவதுதான் சிரமமாக இருந்தது.

மாப்பிள்ளை மருந்துக்கடை வைத்திருப்பவர். குடும்பங்கள் கூடிப் பேசி முடித்த அன்று, பேச விஷயமில்லாமல் மெக்கானிக்கும் அவரும் ஜன்னலோரம் நின்றபோது அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“நான் வீடியோ கேம் ஆடுவேன் மச்சான். வாள், மந்திரம், டிராகன், அந்த மாதிரி. புதுசெல்லாம் ஆடி முடிச்சாச்சு. பழசுல நல்லதா ஏதாவது இருந்தா சொல்லுங்களேன்.”

இந்த ஒரு கேள்விக்காக மெக்கானிக் வாலிபம் முழுவதும் காத்திருந்தார். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம்கூடக் கதவு இடுக்கு வழியாகப் பழைய ஆட்டங்களின் அருமையை எடுத்துச் சொல்லிப் பார்த்திருக்கிறார். முதலில் கதவைத் திற என்று கத்தினார்கள். ரசனை கெட்ட ஜனங்கள்.

மாப்பிள்ளை கத்தவில்லை. தலையாட்டினார். மெக்கானிக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றே ‘சாம்பல் ராஜ்ஜியம்’ என்ற டிராகன் ஆட்டத்தைப் பென்டிரைவில் போட்டுக் கையில் கொடுத்தார்.

“இதுல ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே ரூமுக்கு வழி காட்டற மாதிரி அம்புக்குறியெல்லாம் கிடையாது மாப்பிள்ளை. நாமளேதான் காகிதத்துல வரைபடம் போட்டுக்கணும். முதல் எலியை அடிக்கறதுக்குள்ள மூணு தடவை செத்துப்போவீங்க. அவ்வளவு பிரமாதம்!”

பிறகு, ஆட்டம் எப்படிப் போகிறது என்று ஒரு நாள் கடை மூடும் நேரமாகப் பார்த்துப் போன் போட்டு விசாரித்தார்.

“எங்க இருக்கீங்க மாப்பிள்ளை?”

“ஆரம்பத்துலதான் இருக்கேன் மச்சான்.”

மறுநாள் விசாரித்தார். ஆரம்பத்திலேயே இருந்தார். அந்த வாரம் முழுக்க ஆரம்பத்திலேயே இருந்தார். மெக்கானிக்குப் புல்லரித்தது. முதல் கிராமத்திலேயே ஒவ்வொரு பானையையும் உருட்டிப் பார்த்து, ஒவ்வொரு கிழவனிடமும் நாலு வார்த்தை பேசி, ஆடுமாட்டைக்கூட விசாரித்துவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவார் போலிருக்கிறது. இப்படி ஒரு ஆட்டக்காரரைத் தங்கைக்குப் புருஷனாகக் கொடுத்த கடவுளுக்கு நன்றி சொன்னார்.

இப்போது அந்தத் தங்கைதான் வாயைக் கொப்பளித்துக்கொண்டு முறைத்தாள்.

பழியைத் தன் தலையிலேயே சுமந்துகொண்டு, அன்று ராத்திரி கடை மூடியதுமே மெக்கானிக் காரியத்தில் இறங்கினார். பெரிய ஆட்டத்தைப் பிடுங்கிவிட்டுச் சின்ன ஆட்டமாக ஒன்றைக் கொடுத்துவிட்டால் மிச்ச நேரத்தில் தங்கையோடு பேசுவார். இதுதான் திட்டம்.

“சாம்பல் ராஜ்ஜியத்தை மூடிவைங்க மாப்பிள்ளை. ‘நீலக்கோட்டை’ன்னு ஒண்ணு அனுப்பியிருக்கேன். குட்டி ஆட்டம். நாலே குகைதான்.”

“சரிங்க மச்சான். அப்போ நான்…”

“இருங்க, குகையைப் பத்திச் சொல்லாம விட்டா எப்படி?”

முதல் குகையில் வவ்வால்கள். இரண்டாவதில் பேசும் பாறை. அந்தப் பாறையின் குடும்பக் கதையைச் சொல்லாமல் மூன்றாவதற்குப் போக முடியாது. நாலாவது குகைக்கு மெக்கானிக் வந்து சேர்ந்தபோது போன் இஸ்திரிப்பெட்டியாகச் சுட்டது. அதை இடது காதுக்கு மாற்றிக்கொண்டு தொடர்ந்தார்.

மறுநாள் தங்கை சாப்பாட்டு மேஜையில் தட்டைக் கொஞ்சம் பலமாகவே வைத்தாள்.

“நேத்து அந்தக் கொட்டாவி மெசேஜ்கூட வரல.”

ஆக, சின்ன ஆட்டம் இன்னும் பலமாகப் பிடித்துக்கொண்டுவிட்டது. இனி ஒரே வழி, கூடவே இருந்து சீக்கிரம் முடிக்க வைப்பதுதான். அன்றிலிருந்து, மாப்பிள்ளை கடையின் ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டதுபோல் தினமும் அதே நேரத்துக்கு மெக்கானிக்கிடமிருந்து அவருக்குப் போன் போகத் தொடங்கியது.

“நாலாவது குகையைத் தாண்டினா வடக்கு வாசல்ல ஒரு பூதம் நிக்கும். சண்டைக்குப் போயிடாதீங்க. ஒரு பிடி உப்பு கொடுங்க, போயிடும்.”

“உப்பு. சரிங்க மச்சான். ஒரு நிமிஷம், நான் என்ன சொல்ல வந்தேன்னா…”

“புரியுது மாப்பிள்ளை, பூதத்தை விட்டுட்டு வர மனசு வராது. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஆனா குடும்பம்னு ஒண்ணு இருக்கில்ல? உப்பைக் கொடுத்துட்டுக் கிளம்புங்க. அடுத்து ஒரு பாலம் வரும்…”

பாலத்துக்கு அப்பால் ஒரு காடு. காட்டுக்கு அப்பால் ஒரு சூனியக்காரி. அவளிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்பதே தனி சாஸ்திரம். மாப்பிள்ளையின் “ம்”கள் நாளுக்கு நாள் மெலிந்தன. பாவம், அந்த அளவுக்கு ஆட்டத்தில் மூழ்கிவிட்டார் என்று மெக்கானிக் வருந்தினார். வருந்தியதால் இன்னும் கொஞ்சம் நேரம் பேசினார்.

கடைசியில் தங்கை நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்றிவிட்டாள். பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றுக்குள் போட்டு, அண்ணன் கையில் திணித்தாள்.

“கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்துடு.”

“அவசரப்படாதே. அவர்மேல தப்பே இல்ல. அது… ஒரு ஆட்டம். நான்தான் சிபாரிசு பண்ணினேன்.”

தங்கை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஆட்டமா? என்னைவிட ஒரு ஆட்டம் பெரிசாப் போச்சா? ரொம்ப நல்லதாப் போச்சு. அதுல ஏதாவது ராஜகுமாரி இருந்தா அவளுக்கே போடச் சொல்லு இந்த மோதிரத்தை.”

நீலக்கோட்டையில் ராஜகுமாரி கிடையாது, சாம்பல் ராஜ்ஜியத்தில்தான் உண்டு என்ற தகவல் மெக்கானிக்கின் நாக்கு நுனிவரை வந்தது. தங்கையின் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது.

மோதிரம் சட்டைப்பையில் கனக்க, மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை கடையில் இருந்தார். அவருடைய அம்மாதான் கதவைத் திறந்தாள். கூடத்தில் துவைத்த துணி மலையாகக் கிடந்தது. உட்காரச் சொல்லிவிட்டு ஒரு போர்வையை மடிக்க ஆரம்பித்தாள். எதிர் முனை தரையில் புரள, மெக்கானிக் அதைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டே, வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பித்தார்.

“தப்பெல்லாம் என்மேலதான்மா. அந்த ஆட்டத்தை உங்க பையனுக்கு நான் சொல்லியிருக்கவே கூடாது. ராத்திரி பகல் பார்க்காம அதுலயே கிடக்கார். என் தங்கச்சி மனசு ஒடிஞ்சுபோயிட்டா. கம்ப்யூட்டரைக் காட்டுங்க, இருக்கறதையெல்லாம் அழிச்சுட்டுப் போயிடறேன். கல்யாணம் மட்டும் நின்னுடக் கூடாது.”

அந்தம்மா போர்வையை மடிப்பதை நிறுத்தினாள்.

“அவன் எங்க தம்பி ஆடறான்? கடையை மூடிட்டு வந்து உங்க தங்கச்சிகிட்ட பேசலாம்னு போனை எடுத்தா தினமும் உங்க போன் வந்துடுது, பொண்ணோட அண்ணனாச்சே, எப்படி வைக்கறதுன்னு தெரியாம தூங்கற வரைக்கும் ‘ம்’ கொட்டிக்கிட்டே கிடக்கான்!”