தங்கராஜ் அண்ணன் குதிகாலில் ஒரு சிவப்பு அம்பு

பயம் வந்தால் சிலருக்கு வயிறு கலங்கும், சிலருக்கு வாய் உளறும். எனக்குப் பயம் கைகளில் வரும். மூளை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடும். கைகள் தங்களுக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்ய ஆரம்பித்துவிடும். என் கைகளுக்குத் தெரிந்த வேலை, ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் குறை கண்டுபிடிப்பது.

தைத்து முடித்து வரும் ஷூக்களை ஜோடியாக எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கட்டைவிரலால் தடவ வேண்டும். கீறலோ சுருக்கமோ இருந்தால் அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, ஓரமாகத் தள்ள வேண்டும். ஸ்டிக்கர் பட்டையை இடது மணிக்கட்டில் ஒட்டி வைத்திருப்போம், எடுக்கச் சுலபமாக.

இப்படிப்பட்ட ஒருத்தி, எப்போதோ தபாலில் வாங்கிய பி.ஏ.வை வைத்துக்கொண்டு, கிறிஸ்தவத் தலைமைத்துவத்தில் முதுகலை படிக்கப் போனதற்குக் காரணம் என் மகள் ஜெனி. இன்ஜினியரிங் கணக்குப் பேப்பர் திரும்பத் திரும்பப் போய், இனிமேல் எழுதமாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். நான் அழுதேன், ஜெபித்தேன், பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஒப்பிட்டேன் (மூன்றையும் ஒரே மூச்சில் செய்ய என்னால் முடியும்). ஒருநாள் அவள் திரும்பிப் படுத்துச் சொன்னாள்:

"உனுக்கு இன்னாம்மா, சொல்றது ஈஸி. நீ ஒரு பரீட்சை எழுதிப் பாரு, அப்ப தெரியும்."

"எழுதறேன். நான் பாஸானா நீ எழுதுவியா?"

"நீ மொதல்ல பாஸாவு."

சனிக்கிழமை தோறும் வேலூர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் இளம் போதகர்கள். முதல் நாள் என்னை யாரோ ஒருவருடைய அம்மா என்று நினைத்து நாற்காலி போட்டு வெளியே உட்காரவைத்தார்கள். எங்கள் பேராசிரியர் அடிக்கடி சொல்வார்: "தலைவர்ன்றவர் குறை தேடுறவர் இல்ல. குறை இருக்கிறவங்க முன்னால குனியிறவர்." நான் எல்லோரையும் விட வேகமாகத் தலையாட்டுவேன். கட்டுரைகளில் தேறிவிட்டேன். மிச்சம் இருந்தது செய்முறைத் தேர்வு. சொந்தச் சபையில் ஒரு ஆராதனையை நடத்த வேண்டும். பேராசிரியர் வந்து பார்ப்பார். அதில் தவறினால் பட்டம் இல்லை. பட்டம் இல்லையென்றால் ஜெனியும் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாள். அதை நினைத்தாலே என் கைகள் எதையாவது எடுத்துத் தடவிப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

எங்கள் ஆயர் எனக்குப் புனித வெள்ளிக்கு முந்தின நாளான பெரிய வியாழனைக் கொடுத்தார். இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, பன்னிரண்டு பேரை உட்காரவைத்துக் கால் கழுவும் ஆராதனை. அதை ஒரு பெண் செய்வது எங்கள் சபையில் அதுவரை நடக்காதது. கமிட்டிச் செயலாளர் தங்கராஜ் அண்ணன், "அதெல்லாம் சரிவருமா?" என்று கேட்டிருந்தார். பிறகு தாமே வந்து பன்னிரண்டு பேரில் ஒருவராகப் பெயர் கொடுத்தார். சரிவரவில்லை என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கத்தான் என்று எனக்குத் தோன்றியது.

அன்று பார்த்து கம்பெனியில் சரக்கு அனுப்பும் நாள். கடைசி நிமிஷம் வரை விடவில்லை. ஓடிவந்து, ஆலயத்தின் பின்னறையில் வெள்ளைப் புடவையைச் சுற்றிக்கொண்டேன். யாரோ தோளில் மைக்கைக் குத்தினார்கள். நேரலை ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாவது ஆள் வராததால் ஆயர் ஜெனியைப் பிடித்துக் கடைசி நாற்காலியில் உட்காரவைத்திருந்தார். மணிக்கட்டை நான் பார்க்கவே இல்லை.

கால் கழுவும் ஆராதனைக்கு எங்கள் ஆட்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் காலைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருவார்கள். ஒருவர் பவுடரே போட்டிருந்தார். முதல் இரண்டு பேருக்குத் தண்ணீர் ஊற்றினேன், துண்டால் துடைத்தேன், தலை வணங்கினேன். மூன்றாவது, தங்கராஜ் அண்ணன். தலையைத் தூக்கிப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

அவ்வளவுதான். மூளை கதவைச் சாத்திக்கொண்டது.

தங்கராஜ் அண்ணனின் இரண்டு கால்களையும் எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். கட்டைவிரலால் தடவினேன். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் கேட்டது. என்னுடையதுதான்.

"ஜோடி ஒத்து வரல. குதிகால்ல கிராக்கு. ஓரமா வையி."

துடைத்த குதிகாலில் அம்பை ஒட்டிவிட்டு அடுத்த ஆளுக்கு நகர்ந்தேன்.

தங்கராஜ் அண்ணன் அதை ஏதோ புதிய ஜெப முறை என்று எடுத்துக்கொண்டார் போல. கைகூப்பி எழுந்து, வெறுங்காலோடு நடுப்பாதையில் பின்வரிசை வரைக்கும் பயபக்தியாக நடந்தார். ஒவ்வொரு அடிக்கும் குதிகால் தூக்க, அம்பு தெரிந்தது. பாட்டுக் குழுவில் ஆண் குரல்கள், சிரிப்பை அடக்கப்போய், ஒவ்வொன்றாக நின்றுபோயின. உருக்கம் என்று நினைத்து நான் வேகம் கூட்டினேன்.

கடைசி நாற்காலியில் ஜெனி குனிந்து கிசுகிசுத்தாள். மைக் அதையும் பிடித்தது.

"ம்மா, எனுக்கு எங்க ஒட்டப் போற?"

மணிக்கட்டைப் பார்த்தேன். பட்டையில் பாதி காலி; அந்தப் பாதி, வரிசையாக நான் கழுவிய கால்களில் இருந்தது.

அவள் காலைப் பிடித்தபடியே இருந்தேன். கால் நடுங்கியது, அழுகிறாள் என்று நினைத்து நிமிர்ந்தால், சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கிக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிவு வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்:

"உங்கிட்ட ஒரு குறையும் இல்லடி."

அதுவும் நேரலையில் போனது. பேரணாம்பட்டில் என் நாத்தனார் தேம்பித் தேம்பி அழுதாளாம் (முதல் பாதியைப் பார்க்கவில்லை போலிருக்கிறது).

ஆராதனை முடிந்ததும் பேராசிரியர் மென்மையாகச் சொன்னார்: "சிஸ்டர், அடுத்த வருஷம் இன்னொரு வாட்டி பண்ணிடலாம்." தங்கராஜ் அண்ணன் அம்பைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தார். நான் பூமிக்குள் போக இடம் தேடினேன்.

"இன்னாமா இது, பேஜாரு. ஊரே பார்த்துட்ச்சி." சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "கிராக்கு ஜாஸ்தியாதான் இருக்குது. இன்னா களிம்பு போடலாம்?"

ஆட்டோவில் ஜெனியிடம் என்னால் முகம் கொடுக்க முடியவில்லை. "நான் பாஸாவல. இனிமே உன்ன எழுதுன்னு எந்த மூஞ்ச வெச்சிட்டு..." என்றேன்.

"யம்மா, நிறுத்து. நீயும் அரியரு, நானும் அரியரு. எனுக்கு இப்பதான் ஒரு தோஸ்து கெடைச்சிருக்கா. சேந்து எழுதலாம்."

எழுதினோம். சமையலறை மேசையில் அவள் பக்கம் கணக்கு, என் பக்கம் தலைமைத்துவம். அவள் முதலில் தேறினாள். அடுத்த பெரிய வியாழனுக்கு, ஆலய வாசலிலேயே தங்கராஜ் அண்ணன் என் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் உள்ளே விட்டார். நானும் தேறினேன். இப்போதெல்லாம் அந்த வாரத்தில் எங்கள் தெரு மருந்துக்கடையில் பித்தவெடிப்புக் களிம்பு கிடைப்பதில்லை. யாராவது என் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தால், கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்கிறேன்.

பட்டமளிப்பு விழாவில் எடுத்த போட்டோ கூடத்தில் மாட்டியிருக்கிறது. கறுப்பு அங்கி, கையில் சுருட்டிய பட்டம், முகத்தில் பெருமை. அங்கிக்குக் கீழே, பதற்றத்தில் மாட்டிக்கொண்டு போன செருப்புகள்: இடது கால் பழுப்பு, வலது கால் கறுப்பு. போட்டோக் கண்ணாடியின் மேல், சரியாக அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு. ஜெனி ஒட்டியது. வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் அது என்ன என்று கேட்கிறார்கள். அவளும் சலிக்காமல் முதலிலிருந்து சொல்கிறாள்.