கம்பியில்லா மைக்கைத் திருப்பி அனுப்புவது குறித்து

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்பளவில் சௌக்கியம். மற்றபடி எப்படி இருக்கிறோம் என்பது எனக்கே சரியாகப் புரியாததால்தான் இந்தக் கடிதம். நீங்களும் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதில் எங்காவது என் குரல் உயர்ந்ததுபோல் தெரிந்தால், அது உங்களைப் பார்த்து அல்ல, நீங்கள் அனுப்பிய பெட்டியைப் பார்த்து என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை ஆசையாக வாங்கி அனுப்பிய பொருளைக் குறை சொல்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

பெட்டி போன மாதம் பதினெட்டாம் தேதி வந்தது. உள்ளே இரண்டு கொம்பு வைத்த ரிசீவர் ஒன்று, கையில் பிடிக்கிற மைக் ஒன்று, இடுப்பில் செருகிக்கொள்ளும் சின்னப் பெட்டி ஒன்று, அதிலிருந்து கிளம்பும் கம்பியின் நுனியில் வயலினைக் கவ்விக்கொள்ள மிளகு அளவில் இன்னொரு மைக். கம்பியில்லா மைக்குக்குக் கம்பி எதற்கு என்பதுதான் என் முதல் குழப்பம். அச்சகத்தில் முப்பத்து நான்கு வருஷம் பிழை திருத்தியவன் நான். விளக்கப் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டைவரை படித்தேன். பதினொரு மொழிகளில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அந்த ஒன்றிலும் பதினேழு பிழைகள். எல்லாவற்றையும் சிவப்பு மையில் திருத்தி முடித்தபோது மனசுக்குத் திருப்தியாக இருந்தது. பெட்டியை எப்படி இயக்குவது என்பது மட்டும் தலையில் ஏறவில்லை.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் அரைமணி நேரம் வயலின் வாசிப்பதாக உங்கள் அத்தை ஒப்புக்கொண்டிருந்தாள். மகள் பிறக்கும்வரை மேடை ஏறியவள். அதன்பின் முப்பத்தொரு வருஷம் அவள் வயலின் அலமாரியின் தலையில் கிடந்தது. இப்போது இரண்டு மாதமாகப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாதகம். அவள் இவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை. எனவே மைக் என் பொறுப்பு என்று நானாகவே தலையைக் கொடுத்தேன்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் சங்கத்தின் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து மாட்டி, மைக்கை ரிசீவருக்கு நேரே காட்டிப் பட்டனை அழுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. "ஹலோ" என்றேன். ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண்குரல், "மூச்சை நல்லா உள்ளே இழுங்க, அப்படியே பிடிச்சு வைங்க" என்றது. பிடித்து வைத்தேன். மாப்பிள்ளை அனுப்பிய மெஷின், காரணமில்லாமல் சொல்லாது என்று நினைத்தேன். விடச் சொல்லும் சத்தத்தைக் காணோம். கண் இருட்டி நாற்காலியைப் பிடித்தபோது உங்கள் அத்தை வந்து ஜன்னலைக் காட்டினாள். எதிர்க்கட்டடத்து உடற்பயிற்சி ஆசிரியையும் கம்பியில்லா மைக்தான் மாட்டியிருக்கிறாராம், இரண்டும் ஒரே சேனலாம். அவர் குரல் இங்கே வந்தால் என் குரல் எங்கே போயிற்று என்று எட்டிப் பார்த்தேன். பாயில் படுத்திருந்த இருபது பெண்கள் தலையை உயர்த்தி ஸ்பீக்கரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

சேனலை மாற்றினேன். கைமைக்குக்கும் வயலினுக்கான இடுப்புப் பெட்டிக்கும் ஒரே சேனல் வைத்தேன், ஒரே வீட்டு ஆட்கள்தானே என்று. தகரத்தைக் கிழிக்கிறமாதிரி ஒரு சத்தம் வந்ததில் அத்தை காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கடைசியில் சங்கத்து எலக்ட்ரீஷியன் வந்து இரண்டுக்கும் தனித்தனி சேனல் போட்டுக் கொடுத்தார். முதலில் அவர் கைக்கு அகப்பட்டது வயலினுக்கான இடுப்புப் பெட்டி, அதை ஒன்றில் வைத்தார், மைக்கை இரண்டில் வைத்தார். "ரிசீவர்ல சத்தத்துக்கு ரெண்டு குமிழ் இருக்கு சார். எது எதுன்னு பார்த்து வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டும் போனார். நான் பார்க்கவில்லை, யோசித்தேன். நிகழ்ச்சியில் முதலில் பேசப்போவது நான், ஆகவே ஒன்று என்பது நான், இரண்டு அவள். இதில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள்.

கூட்டத்தன்று நூற்றைம்பது பேர் இருந்தார்கள். நான் மைக்கில் நாலு வார்த்தை அறிமுகம் செய்தேன், கணீரென்று கேட்டது. பிறகு மேடையின் ஓரத்தில் ரிசீவர் பக்கத்தில் போய் நின்று, என் வேலை முடிந்ததென்று ஒன்றாம் குமிழைச் சுத்தமாகக் குறைத்துவிட்டேன். மைக் கையிலேயே இருந்தது. உங்கள் அத்தை வாசிக்க ஆரம்பித்தாள். ஐந்தடி தூரத்தில் நின்ற எனக்கு நன்றாகவே கேட்டது. ஸ்பீக்கர்கள் சபையைப் பார்த்து இருந்தன, எனக்கு இடது காதும் கொஞ்சம் மந்தம்.

பிழை திருத்துகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு, மாப்பிள்ளை. எதைக் கவனித்தாலும் உதடு அசையும், உதடு அசைந்தால் கூடவே சத்தமும் வரும். "மெதுவா, அவசரப்படாதே... நேத்து இங்கதான் சறுக்கினே... ம், தாண்டிட்டா" என்று நான்பாட்டுக்கு முணுமுணுத்திருக்கிறேன். சபையில் சிரிப்பு. அவளைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. மூன்றாவது வரிசை வழுக்கைத் தலைக்கு இசையைப் பற்றி என்ன தெரியும் என்று முணுமுணுத்தேன். மூன்றாவது வரிசையில் ஒருவர் சிரிப்பை நிறுத்தினார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் கண்ணை மூடிக்கொண்டு இழுத்த ஒரு இடத்தில் எனக்குப் பழசு ஞாபகம் வந்துவிட்டது. "குழந்தை தூங்குது, ப்ரூஃப் பாக்கணும், ஒரு வாரம் வாசிக்காதேன்னு சொன்னது நான்தான். ஒரு வாரம்னுதான் சொன்னேன். அப்புறம் எடுன்னு சொல்லவே இல்லையே நான்" என்றேன். எனக்குள்தான் சொல்லிக்கொண்டேன். கூடமே அடங்கிவிட்டது. அந்தக் குழந்தை உங்கள் வீட்டில் இருப்பவள்தான், இதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

சங்கச் செயலாளர் மேடையேறி வந்து, என் கையிலிருந்த மைக்கை மெல்ல வாங்கி அணைத்தபோதுதான் எனக்கு விளங்கியது. ஒன்றாம் குமிழைத் தேடித் திருகினேன். கடைசி இரண்டு நிமிஷம்தான் சபைக்கு வயலின் கேட்டது. அவள் முடித்துவிட்டுக் கைகூப்பினாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் அவளுக்கா எனக்கா என்பது இன்றுவரை தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து வயலினைத் துடைத்துக்கொண்டே அவள் ஒன்றுதான் சொன்னாள்.

"முப்பத்தொரு வருஷம் கழிச்சு மேடை ஏறினேன். அங்கயும் உங்க குரல்தான் கேட்டுச்சு."

நான்கு நாளாயிற்று. கோபமா என்று கேட்டால் இல்லை என்கிறாள். இல்லையா என்று கேட்டால் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்கிறாள். வேளாவேளைக்குச் சாப்பாடு வருகிறது, உப்பும் சரியாக இருக்கிறது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் இனி அந்தப் பெட்டியைக் கையால்கூடத் தொடமாட்டாள் என்பது மட்டும் நிச்சயம். ஆகவே தவறாக எடுத்துக்கொள்ளாமல், முழு செட்டையும் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டுகிறேன். நாளைக் காலை பார்சல் செய்துவிடுகிறேன், திருத்திய விளக்கப் புத்தகம் உட்பட.

நீங்கள் இருவரும் நிறைந்த ஆயுளோடு, ஒருவர் பேச்சு ஒருவருக்குச் சரியான நேரத்தில் கேட்கும்படி வாழ மனதார ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமா.

பி.கு.: மேலே எழுதியதைப் பொருட்படுத்த வேண்டாம். காலையில் பார்சல் கட்டப் போனால் ரிசீவரையும் வயலினுக்கான இடுப்புப் பெட்டியையும் காணவில்லை. மாடிப்படியில் வயலின் சத்தம். இறங்கிப் போய்ப் பார்த்தேன். சங்கக் கூடத்தில் உங்கள் அத்தை தனியாக நின்று வாசித்துக்கொண்டிருந்தாள், ஸ்பீக்கர் அருமையாகப் பாடியது. எலக்ட்ரீஷியனும் இல்லை, புத்தகமும் இல்லை. அடுத்த மாதம் ஒரு மணி நேரம் வாசிக்கச் செயலாளரிடம் அவளே தேதி வாங்கிவிட்டாளாம். எதை அனுப்புவது என்று கேட்டேன். "இதெல்லாம் எனக்கு வேணும். அந்தக் கைமைக்கை மட்டும் அனுப்பிடுங்க. நீங்க அன்னைக்கு முன்வரிசைல வந்து உக்காருங்க" என்றாள். ஆகவே மைக் மட்டும் வருகிறது. கிடைத்ததும் ஒரு வரி எழுதுங்கள். முன்வரிசையில் உட்காரச் சொன்னது கோபத்திலா இல்லையா என்பதையும் மகளிடம் கேட்டு எழுதினால் நல்லது.