யாரும் தொடாத ஒரு மணி நேரம்

"ஒரு மணி நேரம்தான் கேக்குறேன். ஒரே ஒரு மணி நேரம்," என்றார் பேக்கப் அண்ணன், ஏழாவது வாரமாக. யாரும் காதில் வாங்கவில்லை.

நிறுவனத்தின் நூற்றுச் சொச்சம் கிளவுட் சர்வர்களையும் கட்டி மேய்ப்பது ஒரே ஒரு மென்பொருள். அதன் பழைய பதிப்புக்கு இந்த மாதத்தோடு ஆதரவு நின்றுவிடும். புதியதைப் போடும்போது ஒரு மணி நேரம் யாராலும் எந்த சர்வரையும் தொட முடியாது. மேலாளர் முதல் நாளே சொல்லிவிட்டார், ஒரு புகார் வந்தாலும் பொறுப்பு வேறு ஆளுக்குப் போய்விடும் என்று. பதினோரு வருடம் காத்திருந்து கிடைத்த பொறுப்பு.

நகல் எடுத்து வைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, பேக்கப் என்ற பட்டப்பெயரே அதனால் வந்ததுதான். வீட்டுச் சாவிக்கே நாலு நகல், அதில் ஒன்று மச்சினி வீட்டில். மென்பொருளுக்கும் மூன்று பேக்கப் எடுத்து, வெவ்வேறு இடத்தில் வைத்து, ஒன்றைத் திரும்ப ஏற்றியும் பார்த்துவிட்டார்.

நேரம்தான் சிக்கவில்லை. காலையில் முடியாது என்றது சோதனைப் பிரிவு. மதியம் கூடவே கூடாது என்றது வாடிக்கையாளர் பிரிவு. இரவிலும் விடுமுறையிலும்தான் கணக்கெல்லாம் ஓடும் என்றது கணக்குப் பிரிவு. பேசித் தீர்க்கலாம் என்று பிரிவுத் தலைவர்களை வாராவாரம் கூட்டத்துக்கு அழைத்தார். தங்கள் குரல் எடுபட வேண்டுமே என்று அவர்கள் ஆளுக்கு நாலு பேரைக் கூட்டி வந்தார்கள். பிறகு மொத்தப் பிரிவையும் கூட்டி வந்தார்கள். வாசல்வரை நாற்காலி போட வேண்டியதாயிற்று.

தான் எப்போது வேலை செய்கிறோம் என்று எந்த மனிதனாலும் சரியாகச் சொல்ல முடியாது என்று அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. யாரும் பொய் சொல்லவில்லை, பாவம், அப்படித்தான் நம்புகிறார்கள். அவரே வீட்டில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆகவே மனிதர்களைக் கேட்பதை விட்டுவிட்டு, யார் எப்போது சர்வருக்குள் வந்தார்கள் என்ற போன மாதப் பதிவுகளை மணிவாரியாகப் பிரித்துப் பார்த்தார்.

புதன்கிழமை மதியம் மூன்றிலிருந்து நான்குவரை ஒரு ஈ காக்கை இல்லை. நாலு புதனும் அப்படியே.

அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. முன்கூட்டிச் சொன்னால் மறுபடியும் ஆள் திரட்டிக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். யாருமே இல்லாத நேரத்தில் நிறுத்த யாரிடம் சொல்ல வேண்டும்? மேலாளரிடம் மட்டும் காட்டினார். மேலாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார். மற்றவர்களுக்கு, இனிமேல் கூட்டம் இல்லை என்று அண்ணன் ஒரு வரி அனுப்பினார்.

புதன் மூன்று மணிக்கு மென்பொருளை நிறுத்தினார். மூன்று ஒன்றுக்கு முதல் போன் வந்தது. மூன்று ஐந்துக்குள் ஒரு பிரிவு பாக்கியில்லை. நிறுத்தியதைப் பாதியில் விட்டுத் திரும்பவும் முடியாது, பேக்கப்பை ஏற்றவே முக்கால் மணி நேரம் ஆகும்.

மூன்றேகாலுக்கு மேலாளரே வந்து நின்றார்.

"ஈ காக்கை இல்லன்னீங்களே?"

அண்ணன் பதிவுகளைத் திறந்து காட்டினார். "சத்தியமா சார். ஒரு மாசமா இந்த நேரத்துல ஒருத்தர்கூட உள்ள வரல. இன்னைக்குன்னு பார்த்து மொத்தப் பேரும் எங்கேருந்து வந்தாங்கன்னு தெரியல."

கூட்ட அறையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, தண்ணீர் பாட்டில்கள் அடுக்கிய தட்டோடு வாசலில் வந்து நின்று அண்ணனைப் பார்த்தார்.

"நாற்காலியெல்லாம் போட்டுட்டேன், ஒருத்தரையும் காணோமே சார். புதன்கிழமை மூணு மணியானா ஆபீஸ் மொத்தமும் உங்க கூட்டத்துலதானே உட்கார்ந்திருக்கும்?"